“இன்னும் கிட்டப் போங்க” என்று சொல்லாதீர்கள்: டால்பினும் திமிங்கலமும் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பள்ளி விடுமுறை வந்தால் வேன் பிடித்துக் கடலுக்குப் போகும் பழக்கம் கூடியிருக்கிறது. பெரும்பாலோர் போவது தைப்பிங் வழியாகக் கோலா செப்பெத்தாங்குக்கு. கண்டல் காடு, கரிச்சூளை, இரவில் மின்மினி, இவற்றோடு டால்பினும் உண்டு. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் படிக்கிற, வேலை பார்க்கிற குடும்பங்கள் அங்கே போகும்போது திமிங்கலப் படகிலும் ஏறிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் நடக்கிற தவறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். காசு கொடுத்தாயிற்று, பக்கத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்ற அவசரம்தான் அவற்றில் பாதிக்கு வேர். ஆனால் படகு நெருங்க நெருங்க நாம் பார்ப்பது குறையும்.

எங்கே, எப்போது, எதை

டால்பின் என்றதும் தொலைக்காட்சியில் காட்டுவதுபோல் தாவிக் குதிக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் முகம் வாடித் திரும்புகிறார்கள். கோலா செப்பெத்தாங் இருக்கும் மாத்தாங் கரையோரத்தில் முக்கியமாக இரண்டு வகை டால்பின்கள் இருக்கின்றன. ஒன்று இராவதி டால்பின். மூக்கு நீளாமல் உருண்டைத் தலை, சின்ன முதுகுத் துடுப்பு, சாம்பல் நிறம், 2 மீட்டரை ஒட்டிய நீளம். இது குதிப்பது அபூர்வம். ஒரு நொடி முதுகு தெரியும், ‘புஸ்’ என்று மூச்சு கேட்கும், அவ்வளவுதான். இன்னொன்று கூன்முதுகு டால்பின். இதற்கு மூக்கு நீளம், வயது ஏற ஏற உடல் வெளுத்து இளஞ்சிவப்பாகும். பெயரை வைத்து இதையும் கூன்முதுகுத் திமிங்கலத்தையும் சிலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அந்தத் திமிங்கலம் 13 முதல் 16 மீட்டர் நீளமும் 30 டன் அளவு எடையும் உள்ளது. அதைத் தேடி இந்தக் கழிமுகத்துக்குப் போகாதீர்கள்.

கோலா செப்பெத்தாங்குக்குக் காலையில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் காற்று எழும், இடிமழையும் வரலாம். அலை நுனியில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்துவிட்டால் இராவதி டால்பினின் சின்னத் துடுப்பைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மீன் ஏற்றத்தோடும் வற்றத்தோடும் நகரும், அதன் பின்னால் டால்பினும் நகரும். அதனால் பதிவு செய்யும்போதே “ஆயெர் பாசாங் புக்குல் பெராப்பா?” என்று கேட்டு, தண்ணீர் ஏறும் நேரத்துக்கு ஏற்ப வேனைக் கிளப்புங்கள். வேன் கிளம்பும் நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, கடல் அதற்கு ஒத்துவரும் என்று நம்புவது சரிவராது.

பெர்த்தைப் பொறுத்தவரை எந்த மாதம் போவது என்பதில்தான் தவறு நடக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் தென்துருவக் கடலில் இரை தின்று, வடக்கே கிம்பர்லி பக்கம் வெதுவெதுப்பான நீரில் குட்டி போட்டு, மீண்டும் தெற்கே திரும்புகின்றன. பெர்த் கரையைத் தாண்டும் காலம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. தீபாவளிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நேரம் கச்சிதமாக அமையும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிக்கெட் போட்டால் காலம் முடிந்திருக்கும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் தெற்கே அகஸ்டாவுக்குப் போனால், வடக்கு நோக்கிப் போகும் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு குளிர்காற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அந்தக் கடல்காற்றில் டி-சட்டையோடு இரண்டு மணி நேரம் நிற்க நம் உடம்புக்கு முடியாது.

துரத்தினால் ஏன் காணாமல் போகிறது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தண்ணீருக்குள் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட இது நான்கு மடங்குக்கும் மேல். டால்பின் நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே நம் எஞ்சின் அதன் காதில் பட்டுவிடும். கோலா செப்பெத்தாங் தண்ணீர் சேறு கலந்தது, அங்கே கண்ணை நம்பி மீன் பிடிக்க முடியாது. டால்பின் ‘கிளிக்’ என்ற ஒலியை விட்டு, மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டுத்தான் இரை தேடுகிறது. எஞ்சினை முறுக்கும்போது புரொப்பெல்லர் குமிழிகளைக் கிளப்பி இரைச்சல் போடுகிறது. அந்த இரைச்சலில் இரை தேடுவது கெடும், தாயும் குட்டியும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்வதும் கெடும்.

நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதுகு தெரிந்ததும் படகில் எல்லாரும் கத்துவார்கள், படகு பாயும், டால்பின் மூழ்கும். வேறொரு பக்கம் எழும், படகு திரும்பும், மறுபடி மூழ்கும். மூன்று நான்கு சுற்றில் கூட்டமே இடத்தைக் காலி செய்துவிடும். படகில் இருந்தவர்களுக்கு நான்கு முறை முதுகு பார்த்த கணக்குத்தான் மிஞ்சும். அதே படகு தூரத்தில் எஞ்சினைத் தணித்து மிதந்தால், டால்பின்கள் மீன் பிடிப்பதை விடாமல் தொடர்ந்து, படகின் ஓரமாகவே கடந்துபோக வாய்ப்பு அதிகம்.

ஆஸ்திரேலியாவின் 2017 தேசிய வழிகாட்டி தூரங்களைத் தெளிவாகச் சொல்கிறது. டால்பினுக்கு 50 மீட்டருக்குள்ளும், திமிங்கலத்துக்கு 100 மீட்டருக்குள்ளும் படகு போகக்கூடாது. திமிங்கலத்தின் நேர் முன்னாலோ நேர் பின்னாலோ என்றால் 300 மீட்டர். டால்பினைச் சுற்றி 150 மீட்டர், திமிங்கலத்தைச் சுற்றி 300 மீட்டர் எச்சரிக்கை வட்டம். அதற்குள் வேகம் 6 ‘நாட்’ (knot, கடல் வேக அளவு) என்பதற்குக் கீழே, அதாவது மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டருக்குக் குறைவாக. ஒரே நேரத்தில் 3 படகுகளுக்கு மேல் அந்த வட்டத்தில் இருக்கக்கூடாது. கடலில் தூரம் மதிப்பிடப் பலருக்கும் தெரிவதில்லை. 100 மீட்டர் என்றால், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தின் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டைப் பார்ப்பதுபோல் இருக்கவேண்டும்.

முன்னும் பின்னும் ஏன் இவ்வளவு அதிகம்? முன்னால் போய் நின்றால் அதன் வழியை மறிக்கிறோம், பின்னால் போனால் துரத்துகிறோம். பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே, அதைவிட வேகம் கூடாமல் போகவேண்டும். கியரை முன்னும் பின்னும் படபடவென்று மாற்றுவதும் இரைச்சல்தான். விலங்கு தானாகவே படகை நோக்கி வந்தால் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். படகின் பக்கத்தைத் தட்டிக் கூப்பிடுவது, விசிலடிப்பது, கையை நீட்டுவது எதுவும் வேண்டாம்.

நம் பக்கத்துப் படகோட்டிகள் கடல் தெரியாதவர்கள் அல்ல. பயணிகள் கேட்கிறார்கள் என்பதற்காகத்தான் விரட்டுகிறார்கள். அதனால் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்: “அங்கிள், தக் பாயா டெகாட், துங்கு சினி சஜா.” கிட்டப் போகவேண்டாம், இங்கேயே காத்திருந்தால் போதும் என்று பயணியே சொன்னால் அவருக்கும் நிம்மதி, எண்ணெய்க் காசும் மிச்சம். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் 27ஆம் பிரிவு கடல்வாழ் பாலூட்டிகளையும் ஆமைகளையும் பிடிப்பதோடு தொந்தரவு செய்வதையும் துன்புறுத்துவதையும் தடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

குட்டி கூட இருந்தால்

பெர்த் கடலில் தாய்த் திமிங்கலம் கட்டைபோல் அசையாமல் மிதக்கும், பக்கத்தில் குட்டி கிடக்கும். “ஒன்றுமே செய்யலையே” என்று சலிக்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில்தான் அது ஓய்வெடுக்கிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. தென்துருவக் கோடையில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்று சேர்த்த கொழுப்புதான் தாய்க்குப் பயணம் முழுவதும் ஆதாரம். வடக்கே போய்க் குட்டி போட்டுத் திரும்பும் வரை அது பெரும்பாலும் எதையும் தின்பதில்லை. குட்டியோ பிறக்கும்போதே 4 மீட்டருக்கு மேல் நீளம், ஒரு டன்னை ஒட்டிய எடை. அந்தக் குட்டியை நீந்தவும் வளரவும் வைப்பது தாயின் சேமிப்புக் கொழுப்பு மட்டும்தான். ஒவ்வொரு முறை படகு நெருங்கி அவற்றை எழுப்பி ஓடவிடும்போதும், தென்துருவம் போய்ச் சேரும் வரை திரும்பக் கிடைக்காத ஒன்று செலவாகிறது. இதை எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும். குட்டி இருந்தால் 300 மீட்டர் எச்சரிக்கை வட்டத்துக்குள்ளேயே நுழையக்கூடாது என்கிறது தேசிய வழிகாட்டி. உரிமம் பெற்ற சுற்றுலாப் படகுகளுக்கு மாநிலம் தனி நிபந்தனை வைப்பதுண்டு. கேப்டன் தள்ளி நிறுத்தினால் அவரை நெருக்காதீர்கள்.

திசை திடீரென்று மாறுவது, மூழ்கும் நேரம் நீள்வது, தாய் குட்டிக்கும் படகுக்கும் நடுவே வந்து நிற்பது, வாலால் தண்ணீரைத் திரும்பத் திரும்ப அறைவது, இவை தொந்தரவின் அடையாளங்களாக இருக்கலாம். வாலறைவது மட்டும் மற்றத் திமிங்கலங்களோடு பேசுவதாகவும் இருக்கும். மற்ற அடையாளங்களும் சேர்ந்து வந்தால் விலகிவிடவேண்டும்.

கண்ணை எங்கே வைப்பது

திமிங்கலம் தெரியும் முன் அதன் மூச்சுதான் தெரியும். புதர் போல விரிந்து, 3 மீட்டர் உயரம் எழும் நீராவி அது. படகுக்காரர்கள் கடிகாரக் கணக்கில் திசை சொல்வார்கள். படகின் மூக்கு 12 மணி, வலப்பக்கம் 3 மணி, பின்புறம் 6 மணி, இடப்பக்கம் 9 மணி. இது தெரியாவிட்டால் கூவும் பக்கம் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முதுகை வில்லாக வளைத்து வாலை முழுதாகத் தூக்கி இறங்கினால் ஆழத்துக்குப் போகிறது, ஐந்து பத்து நிமிடம் பொறுக்கவேண்டும். அது இறங்கிய இடத்தில் அலையே இல்லாமல் எண்ணெய் தடவினாற்போல் வழவழப்பான ஒரு வட்டம் மிதக்கும். வால் உதைத்த உதைக்குக் கீழிருந்து எழும் தண்ணீர் அது. ஆழம் போகாமல் மேலோட்டமாக நீந்தும்போது அந்த வட்டங்கள் வரிசையாக விழும், போகும் திசையை அவை காட்டிவிடும்.

பைனாகுலர் வாங்குகிறவர்கள் 10 மடங்கு, 12 மடங்கு என்று தேடுகிறார்கள். ஆடும் படகில் அதில் எதுவும் நிலைக்காது. 7 அல்லது 8 மடங்கு போதும்.

வயிறும் இருக்கையும்

விடியற்காலையில் கறிக்குழம்போடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் தப்பு, வெறும் வயிற்றில் ஏறுவதும் தப்பு. பிஸ்கட், இட்லி, இஞ்சி டீ மாதிரி லேசாக இருக்கட்டும். மயக்கம் வந்த பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பலன் இல்லை. நோவோமின் போன்ற டைமென்ஹைட்ரினேட் மாத்திரையைப் பெரியவர்கள் 50 மில்லிகிராம் அளவில் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்கவேண்டும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்துக் கடையில் கேட்டுக்கொண்டே எடுக்கவேண்டும், பிள்ளைகளுக்கு அளவு வேறு. தூக்கம் வரும் என்பதால் வேன் ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது. குமட்டல் தொடங்கினால் போனைப் பையில் வைத்துவிட்டு அடிவானத்தைப் பாருங்கள்.

குதித்து ஓடும் சின்ன போட்டில் முன் இருக்கை பிள்ளைகளுக்குக் குதூகலம், முதியவர்களுக்கு ஆபத்து. ஒவ்வொரு அலையிலும் படகின் மூக்குத்தான் அதிகம் ஏறி விழும், அந்த அதிர்ச்சி நேரே முதுகெலும்பில் இறங்கும். தாத்தா பாட்டியையும் கர்ப்பிணிகளையும் பின்பக்கம் உட்காரவையுங்கள்.

உயிர்காப்புச் சட்டையைச் சூடாக இருக்கிறது என்று கழற்றி இருக்கையில் போட்டு அதன்மேல் உட்காருகிறார்கள். அதைவிட மோசம், பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது. சோதிப்பது சுலபம். பக்கிளை மாட்டி வாரை இறுக்கிவிட்டு, சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அது பிள்ளையின் மோவாய், காதுவரை ஏறினால் தண்ணீரில் விழும்போது பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். கால் இடுக்கு வழியாகப் போகும் வாருள்ள சின்னச் சட்டை கேளுங்கள். இல்லை என்றால் அந்தப் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

கருடனுக்குக் கோழித்தோல்

டால்பின் பயணத்தோடு பருந்துக்குத் தீனி போடுவதையும் சில இடங்களில் சேர்த்து விற்கிறார்கள். கோழித்தோலைத் தண்ணீரில் வீசினால் செம்பருந்துகள் கூட்டமாகப் பாயும். நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பறவை அது. மீனும் நண்டும் முழுதாகத் தின்று வாழும் அதற்குத் தோலிலும் கொழுப்பிலும் எலும்புக்கு வேண்டிய கால்சியம் கிடையாது. தானாக வேட்டையாடும் பழக்கமும் குறையும். அந்தப் பகுதி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டால்பினுக்கும் எதுவும் வீசாதீர்கள். படகை நோக்கி வரப் பழகிய டால்பின் புரொப்பெல்லரில் வெட்டுப்படும். ஐஸ் டீ வாங்கி ராஃபியா கயிறு கட்டிய பிளாஸ்டிக் பை காற்றில் பறந்தால் போதும், சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும். பையை வேனிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுபோங்கள்.

படம் எடுக்கிறவர்களுக்கு

திமிங்கலம் தாவிய பிறகு கேமராவைத் தூக்கினால் நுரைதான் படமாகும். முதல் தாவலைக் கண்ணால் பாருங்கள், பெரும்பாலும் அடுத்ததும் வரும். அதே இடத்தில் குறிவைத்து, 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் தொடர் படமாக எடுங்கள். போனில் டிஜிட்டல் ஜூமை இழுப்பதைவிட வீடியோ எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல். ட்ரோனை அனுமதி கேட்காமல் கிளப்பாதீர்கள், விலங்குகள் இருக்கும் இடத்தில் அதற்கும் தூரக் கட்டுப்பாடு உண்டு. எல்லாரும் ஒரே பக்கம் ஓடினால் சின்னப் படகு சாயும். ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும்.

வால் மேலே எழும்போது அதன் அடிப்பக்கத்தைப் பின்னாலிருந்து நேராக எடுத்த படம் ஆய்வாளர்களுக்கு விலைமதிப்பற்றது. அங்கிருக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் தனி. ஹேப்பிவேல் என்ற தளத்தில் ஏற்றினால், அதே திமிங்கலம் முன்பு எங்கே படமாகியிருக்கிறது என்று பொருத்திப் பார்ப்பார்கள். டால்பினுக்கு முதுகுத் துடுப்பைப் பக்கவாட்டில் எடுக்கவேண்டும், அதிலுள்ள வெட்டுகளும் தழும்புகளும்தான் அடையாளம். மலேசியாவில் லங்காவி, மாத்தாங் கடல்களில் டால்பின்களை ஆராயும் மாரேசெட் அமைப்புக்கு அப்படிப்பட்ட படங்களை அனுப்பலாம். தேதி, நேரம், இடம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இந்த விவரங்கள் அழிந்துவிடும், அதனால் போனில் இருக்கும் மூலப்படத்தையே கொடுங்கள்.