மற்ற நால்வர் எங்கே? ஆர்பிஜி கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்பிஜி என்னும், கதாபாத்திரங்களாக மாறி விளையாடும் கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் 'ஆர்பிஜி மேக்கர்' மென்பொருளில் முதல் விளையாட்டை உருவாக்குவோர் தங்கள் கதை வரைவுகளை என்னிடம் படிக்கத் தருவதுண்டு. ஜப்பானிய ஆர்பிஜி மரபுப்படி நாயகர் அணியில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டு, மூவரை மட்டும் போருக்கு அனுப்பக் காரணம் தேடும் இடத்தில், நான் முன்பு சறுக்கிய அதே இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள்.

விதியை வகுத்தவரே மீறுவது

என் முதல் கதையில் ஆற்றைக் கடக்கும் படகில் நால்வர்தான் ஏறலாம், படகும் ஒன்றுதான். ஆனால் ஏழாம் அத்தியாயத்தில், அக்கரையில் ஒருவர் உயிர்விடும் காட்சி உருக்கமாக அமைய வேண்டும் என்பதற்காக எல்லோரையும் அங்கே நிறுத்திவிட்டேன். விளையாடிப் பார்த்த நண்பர் அந்தக் காட்சியிலேயே நிறுத்தி, "இவர்கள் எப்படி ஆற்றைக் கடந்தார்கள்?" என்று கேட்டார். அதைச் சரிசெய்ய வசனங்களையும் வரைபடங்களையும் மாற்றியே நான்கு மாதங்கள் கழிந்தன. சென்ற வாரம் வந்த வரைவிலும் இதே கதைதான்: மூவரை மட்டுமே தாங்கும் மந்திரப் பாலத்துக்கு அப்பால் எண்மரும் நிற்கிறார்கள். இன்னமும் எனக்கு இது எரிச்சலூட்டுகிறது.

1995இல் வெளிவந்த 'க்ரோனோ ட்ரிக்கர்' விளையாட்டில் நால்வர் ஒன்றாகக் காலவாயிலில் நுழைந்து, போக வேண்டிய காலத்துக்குப் போகாமல் 'காலத்தின் முடிவு' என்னும் இடத்தில் வந்து விழுகிறார்கள். மூவருக்கு மேல் நுழைந்தால் இப்படித்தான் ஆகும் என்று விளக்குக் கம்பத்தடியில் நிற்கும் முதியவர் அதன்பிறகே சொல்கிறார். விளைவை ஏற்கெனவே அனுபவித்துவிட்டதால் அந்த விதியை நாம் நம்புகிறோம்.

எனவே, எல்லோரும் கூட வேண்டிய காட்சிகளை முதலில் பட்டியலிட்டு, அவற்றுக்கு இடம்தரும் விதியை வகுத்துக்கொள்ளுங்கள். 'ஃபைனல் ஃபேன்டசி 6' (1994) இறுதிக் கோபுரத்துக்குள் மூன்று அணிகளை இறக்குகிறது. ஓர் அணி விசையை மிதித்து நின்றால்தான் மற்றோர் அணிக்கு வழி திறக்கும்.

காரணத்தை நீட்டி முழக்குவது

மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று சொல்ல இரண்டு வசனங்கள் போதும்.

காத்திருப்பவர்களை மறந்துவிடுவது

போரிடாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அதற்கு 'டிராகன் குவெஸ்ட் 4' (1990) ஒரு குதிரை வண்டியைத் தந்தது: நால்வர் போரிட, மற்றவர்கள் வண்டியில் இருப்பார்கள்; வண்டி நுழைய முடியாத குகை வந்தால் வெளியிலேயே தங்குவார்கள்.

ஆளைக் குறைப்பதற்காகவே சாகடிப்பது

'ஃபைனல் ஃபேன்டசி 4' (1991) விளையாட்டில், நெருங்கி வரும் சுவர்களைத் தடுக்க இரட்டைக் குழந்தைகள் தாமாகவே கல்லாகும் காட்சியில் கலங்கிப்போனேன். அவ்வாறு பிரிந்தவர்களில் பலர் பிறகு உயிரோடு திரும்பியதால், அடுத்த பிரிவில் அந்தக் கலக்கம் வரவேயில்லை.