கறுத்த தோலுக்குக் கறுப்பு வண்ணம் எதற்கு? சிற்றுருவங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டும்போது, பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடிக்காமல் தீட்டுவது, வண்ணத்தை நீர்க்காமல் பூசுவது போன்ற பிழைகளை எவரும் ஒருமுறை பட்டவுடன் தாமே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தோல் நிறத்தில் நேரும் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்தவற்றையே இன்றைய புதியவர்களும் செய்கிறார்கள்; அவற்றுள் ஒன்று நல்ல சிற்பத்தையே பாழாக்கிவிடுகிறது.

கறுப்பைக் கலந்து கறுத்த தோலை உண்டாக்குதல்

1914 இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையின் சீக்கிய வீரர் ஒருவரைக் காட்டும், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரெசின் மார்பளவுச் சிலையை ஓர் இளைஞர் அண்மையில் என்னிடம் கொண்டுவந்தார். இமை மடிப்பு, கண்ணோரச் சுருக்கம், முறுக்கிய மீசையின் கூர்நுனி என ஒவ்வொன்றையும் சிற்பி பொறுமையாகச் செதுக்கியிருந்தார். ஆனால் முகமோ சாம்பலும் பச்சையும் கலந்து, உயிரற்றுக் கிடந்தது. “அண்ணா, எத்தனை கோட் கொடுத்தாலும் முகத்தில் உயிர் வரவில்லை” என்றார். கடையில் தோல் நிறம் என்று விற்கும் வெளிறிய வண்ணத்தில் கறுப்பைக் கலந்து அடிநிறம் பூசி, நிழலுக்கு மேலும் கறுப்பையும், வெளிச்சத்துக்கு வெள்ளையையும் சேர்த்திருந்தார்.

அந்தக் கலவையில் உயிர் வராததற்குக் காரணம் உண்டு. தோல் வண்ணங்களில் மஞ்சள் கலந்திருக்கிறது. மஞ்சளுடன் கறுப்பு சேர்ந்தால் ஆலிவ் பச்சை பிறக்கும். டைட்டானியம் வெள்ளையோ நிறத்தின் செறிவைக் குறைத்து, அதைக் குளிர்ச்சியாக்கிச் சுண்ணாம்புத் தன்மையைக் கொடுக்கும். மாநிறத் தோலில் மெலனினின் பழுப்பும் அதற்கடியில் ஓடும் குருதியின் சிவப்பும் சேர்ந்தே நிறத்தை உண்டாக்குகின்றன. அதில் கறுப்புக்கு இடமே இல்லை.

ஆகவே அடிநிறத்தைப் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), சிறிது சிவப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். நிழலுக்குப் பர்ன்ட் அம்பரில் (அடர்பழுப்பு) துளி அல்ட்ராமரின் நீலத்தைச் சேருங்கள்; மூக்குத்துளை, இமை மடிப்பு, உதடுகளின் இடைவெளி ஆகிய இடங்களில் அடர்சிவப்பு இருக்கட்டும். வெளிச்சத்துக்கு ஓக்கரையும் ஆரஞ்சு சாயலுள்ள வெளிர் நிறத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வெள்ளைக்கும் ஓர் இடம் உண்டு. தோலின் மேற்பரப்பிலிருந்து நேராகத் தெறிக்கும் ஒளியின் அளவு எந்த நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடியிலிருந்து திரும்பும் ஒளி கறுத்த தோலில் குறைவு என்பதால், அதில் மினுமினுப்பு எடுப்பாகத் தெரிகிறது. அந்த மினுமினுப்பு ஒளிமூலத்தின் நிறத்தைக் கொண்டிருக்கும். எனவே திறந்த வெளியில் நிற்கும் வீரனின் மூக்குநுனியிலும் கன்ன எலும்பின் மேலும் இளநீலம் கலந்த வெள்ளையைச் சிறு புள்ளிகளாக மட்டும் வைக்க வேண்டும். அதைக் கன்னம் முழுவதும் பரப்பினால் மீண்டும் சுண்ணாம்புதான்.

இந்தத் தவறின் உண்மையான விலை பிறகே தெரிய வருகிறது. திருத்துவதாக எண்ணி அந்த இளைஞர் பூசிய பூச்சுகள் கண்ணோரச் சுருக்கங்களை அடைத்துவிட்டிருந்தன. வண்ணத்தை முழுவதும் நீக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தபோது மீசையின் ஒரு நுனி ஒடிந்தது. சிற்பியின் உழைப்பு அப்படி வீணாவதைப் பார்க்கையில் எனக்கு இன்றும் ஆற்றாமை எழுகிறது. அடிநிறத்தை ஒரு பிளாஸ்டிக் துண்டில் சோதித்திருந்தால் மீசை தப்பியிருக்கும்.

முகம் முழுவதும் ஒரே நிறம்

மூக்கு, கன்னம், காதுமடல் ஆகியவற்றில் தோலையொட்டிக் குருதி மிகுதியாக ஓடுவதால் அங்கே சிவப்பு கூடும். நெற்றி மஞ்சள் சார்ந்திருக்கும். மிக நீர்த்த சிவப்பை கிளேஸாக, அதாவது அடிநிறம் தெரியும் மெல்லிய படலமாக, பல முறை ஏற்றுங்கள். தூரிகையை எடுக்கும் இடத்தில் வண்ணம் அதிகமாகத் தங்கும் என்பதால், எங்கே நிறம் கூட வேண்டுமோ அங்கே தூரிகையின் இழுப்பை முடியுங்கள். ஒவ்வொரு படலமும் நன்றாகக் காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுங்கள்; பாதி காய்ந்த படலம் கிழிந்து அடிநிறத்தைக் காட்டும்.

ஈரத்திலேயே நிறத்தை மதிப்பிடுதல்

அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் நிறம் அடர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தூய வெள்ளை

வேண்டாம். சாம்பலும் இளஞ்சிவப்பும் சிறிது கலந்த மங்கிய வெள்ளையைப் பூசி, மேலிமையின் நிழலை அடர்பழுப்புக் கோடாக இடுங்கள். இல்லையெனில் முகம் திகைத்து விழிப்பதாகத் தோன்றும்.

மஞ்சள் விளக்கின் கீழ் தீட்டுதல்

பகலொளியை ஒத்த, 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான வெள்ளை விளக்கைப் பயன்படுத்துங்கள்.

முகத்துக்கும் சீருடைக்கும் ஒரே மேட் வார்னிஷ்

கம்பளிச் சீருடைக்குப் பளபளப்பே இல்லாத முழு மேட் பொருந்தும். தோலுக்கு இலேசான மினுக்குள்ள சாட்டின் வார்னிஷை நீர்த்துத் தூரிகையால் பூசி, கீழுதட்டுக்கும் கண்ணுக்கும் மட்டும் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷை வையுங்கள்.