லேப்டாப் திணறும்போது ‘எண்ட் டாஸ்க்’ அழுத்தும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் லேப்டாப் திணற ஆரம்பித்ததும் பலரும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் (ப்ரோக்ராம்களின்) பட்டியலில் மேலே நிற்பது எதுவோ அதற்கு ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துவிடுகிறார்கள். பெங்களூரில் சம்பளமும் படிப்பும் லேப்டாப்பை நம்பி ஓடுகிற வீடுகளில் இந்தப் பழக்கம் அதிகம். மேலே நிற்பதாலேயே அது குற்றவாளி ஆகிவிடாது. பல நேரம் அது பாதியில் நிறுத்தக்கூடாத வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். திறந்த முதல் சில நொடிகளில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அப்போது டாஸ்க் மேனேஜரே கொஞ்சம் சிபியுவை எடுத்துக்கொள்ளும். லாகின் ஆன முதல் பத்து நிமிடமும் அப்படித்தான். அப்டேட் தேடல், கிளவுட் சிங்க், ஆன்டிவைரஸ் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும். அது அடங்கிய பிறகும் எது உச்சியில் நிற்கிறது என்று பாருங்கள்: சிபியுவா, மெமரியா, டிஸ்க்கா? மூன்றும் வெவ்வேறு கோளாறு, தீர்வும் வேறு.

‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 95 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. சிபியுவில் 95 சதவீதம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

விண்டோஸின் பின்னணி வேலைகளான சர்வீஸ்களை ஓட்டும் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. 2017-இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல், 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி ஹோஸ்டில் ஓடுகின்றன. பக்கத்திலுள்ள அம்புக்குறியை விரித்தால் உள்ளே எந்த சர்வீஸ் என்று தெரியும். சந்தேகம் தீராவிட்டால் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-க்குப் போனால் சரி. டவுன்லோட்ஸுக்கோ டெம்ப் ஃபோல்டருக்கோ போனால், அல்லது பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்தால், உடனே முழு ஸ்கேன் போடுங்கள். விண்டோஸ் ஓடவே தேவையான ‘கிளையன்ட் சர்வர் ரன்டைம் ப்ராசஸ்’ பக்கம் கையையே கொண்டுபோகாதீர்கள்; அதை நிறுத்தினால் விண்டோஸ் முடங்கி நீலத்திரைதான்.

‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்’ அப்டேட்டைப் பொருத்துகிற ப்ராசஸ். அதைக் கொன்றால் அதே வேலையை மறுபடி தொடங்கும், சில நேரம் அப்டேட்டே பழுதாகும். சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அதிகம் திட்டு வாங்குவது ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’, அதாவது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர். ஒவ்வொரு ஃபைலும் உருவாகும்போதும் திறக்கும்போதும் அது சோதிக்கிறது. ப்ரோக்ராம் எழுதுபவர்கள் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் கருவி) இன்ஸ்டால் கொடுத்தால் பல்லாயிரம் குட்டி ஃபைல்கள் கொட்டும். டிஃபெண்டரும் அத்தனையையும் பார்த்தாக வேண்டும். இதற்கு இணையத்தில் சுற்றும் வைத்தியம், டிஃபெண்டரின் சொந்த ப்ராசஸையே எக்ஸ்குளூஷனில் (சோதிக்காமல் விடும் பட்டியலில்) சேர்ப்பது. அதனால் பலன் இல்லை. ப்ராசஸ் எக்ஸ்குளூஷன் என்பது அந்த ப்ராசஸ் திறக்கும் ஃபைல்களை மட்டுமே விட்டுவைக்கும். உங்கள் எடிட்டரும் பிரவுசரும் திறப்பவை வழக்கம்போல் சோதிக்கப்படும். டி டிரைவை மொத்தமாக விலக்குவது அதைவிட ஆபத்து. ப்ரோக்ராம் கோட் (code) இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரை விலக்குங்கள். விண்டோஸ் 11 என்றால் ‘டெவ் டிரைவ்’ (ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்கான தனி டிரைவ்) உருவாக்கி அதில் வையுங்கள். அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் சிங்க்கிலிருந்தும் வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதே ஃபைல்களை இரண்டு பேர் துரத்துவார்கள். டிஃபெண்டருக்கு மேல் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை இன்றே நீக்கிவிடலாம்.

ரேம் 75 சதவீதம் நிரம்பியிருப்பது கோளாறு அல்ல. ‘ரேம் கிளீனர்’ ஆப்கள் திறந்திருக்கும் ப்ரோக்ராம்களின் பக்கங்களை ரேமிலிருந்து வெளியே தள்ளி எண்ணைக் குறைத்துக் காட்டும். நீங்கள் அந்த ப்ரோக்ராமுக்குத் திரும்பியதும் அதையெல்லாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். லேப்டாப் முன்பைவிட மந்தமாகும். உண்மையான தட்டுப்பாட்டை அறிய ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் மெமரியைத் திறந்து ‘கமிட்டட்’ என்ற இரண்டு எண்களைப் பாருங்கள்: முதலாவது ப்ரோக்ராம்களுக்கு ஒதுக்கியது, இரண்டாவது அதன் வரம்பு. முதல் எண் இரண்டாவதை நெருங்கினால்தான் கவலை.

அதே பக்கத்தில் சிபியுவைத் திறந்தால் ‘அப் டைம்’ என்று ஒன்று இருக்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் அது பத்து நாள், இருபது நாள் என்று காட்டினால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஓடுகிறது: ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏறுகிறது. கோளாறை உதற ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.

அங்கேயே ‘ஸ்பீடு’, ‘பேஸ் ஸ்பீடு’ இரண்டையும் ஒப்பிடுங்கள். பேஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்க, சிபியு 100 சதவீதத்தில் ஓடியும் ஸ்பீடு 0.8-ஐத் தாண்டவில்லையா? அப்படியானால் எந்த ப்ராசஸை மூடியும் பிரயோஜனமில்லை. ஃபேனில் தூசு அடைத்துச் சூடேறியிருக்கலாம், அல்லது சார்ஜருக்கு வாட் போதாமல் இருக்கலாம். பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதியில் அறைத்தோழரின் 45 வாட் டைப்-சி சார்ஜரை 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் செருகுபவர்கள் இதை முதலில் பார்க்கவும்.

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனிகள் தரும் லேப்டாப் என்றால் கணக்கு வேறு. அதில் ஓடும் பாதுகாப்பு ஏஜென்ட்களை நிறுத்த முயலாதீர்கள். பெரும்பாலும் ‘ஆக்சஸ் டினைட்’ வரும், முயற்சியும் பதிவாகலாம். கம்பெனியின் ஐடி பிரிவுக்கு ‘லேப்டாப் ஸ்லோ’ என்று மட்டும் டிக்கெட் (புகார்) போட்டால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி மூடிவிடுவார்கள். ப்ராசஸின் பெயர், எத்தனை சதவீதம், எந்த மணியிலிருந்து எவ்வளவு நேரம் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதினால்தான் ஸ்கேன் நேரத்தை மாற்றவோ ஃபோல்டரை விலக்கவோ அவர்களுக்கு வழி கிடைக்கும்.

கடைசியாக, எதையும் பார்க்காமல் பெங்களூரின் கணினி உதிரிபாகக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரேம் வாங்குவதும் தவறு. டிஸ்க் 100 சதவீதம், ஆனால் வேகம் விநாடிக்கு 2 எம்பி என்று காட்டினால், உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்க விநாடிக்கு நூறு, நூற்றைம்பது கோரிக்கைக்கு மேல் அதனால் தாங்க முடியாது. அங்கே எஸ்எஸ்டி மாற்றினால்தான் தீரும். ரேம்தான் தேவை என்று உறுதியானால், மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேமின் தலைமுறையும் ஒத்துப்போக வேண்டும்: டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 பொருந்தாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். மாடல் எண்ணை வைத்து அதைச் சரிபார்த்த பிறகே கடைக்குக் கிளம்புங்கள்.