கரண்ட் வந்ததும் தானாக ஓடிய பெல்ட்

கப்பலூர் பக்கம் ஓர் அரிசி ஆலை. எலிவேட்டரின் அடியில் உமி அடைத்துக்கொண்டது. கரண்ட்தான் இல்லையே என்று ஒருவர் கையை உள்ளே விட்டு வாரினார். வாரி முடித்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேனலுக்குள் ‘டக்’கென்று காண்டாக்டர் (காயிலில் கரண்ட் வந்தால் இழுத்து ஒட்டி மோட்டார் லைனை மூடும் சுவிட்ச்) ஒட்டியது. யாரும் பச்சை பட்டனைத் தொடவில்லை. பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

மோட்டாரை நேரடியாக மெயினில் போடும் பழைய டிஓஎல் ஸ்டார்ட்டர் இருந்தவரை இப்படி நடந்ததில்லை. கரண்ட் போனால் நோ வோல்ட் காயில் விட்டுவிடும்; திரும்ப ஓட ஆள் வந்து அமுக்க வேண்டும். அதைக் கழற்றி டிரைவ் (ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டியவர்கள், வேலை சுலபம் என்று, திருப்பிய இடத்திலேயே நிற்கும் ஒரு செலக்டர் சுவிட்சை ரன் கமாண்டுக்குக் கொடுத்திருந்தார்கள். சுவிட்ச் ‘ஆன்’-லேயே கிடந்தது. பட்டன், ஹோல்டிங் முறைக்கு (பட்டனை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும், கரண்ட் போனால் விட்டுவிடும்) மாற்றி, டிரைவில் ஆட்டோ ரீஸ்டார்ட்டையும் அணைத்து வைத்தோம். அப்படியே இருந்தாலும், கையை உள்ளே விடுமுன் மெயினைப் பிரிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். அதில் சமரசம் கிடையாது.

அடுத்த தவறு, டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கும் காண்டாக்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்தால் ஆர்க் அடிக்கும். டிரைவ் டிரிப் ஆகும், சில சமயம் டிரைவுக்குள் மோட்டார் கரண்டை மாற்றிவிடும் ஐஜிபிடியே போய்விடும். குறைந்த வேகத்தில் இது இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் அணைய வாய்ப்பு அதிகம். 5 ஹெர்ட்ஸில் 10 தடவைதான். டிரைவ் ஓடும்போது அதை மூடினாலும் வம்புதான்: நின்ற மோட்டார் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும், ஓவர் கரண்ட் வந்து நிற்கும். ஆகவே முதலில் காண்டாக்டரை மூடி, அப்புறம் ரன் கொடுங்கள். நிறுத்தும்போது டிரைவின் அவுட்புட் அணைந்த பிறகே திறங்கள். இந்த வரிசையை ஆள் ஞாபகத்தில் விடாமல், காண்டாக்டரோடு சேர்ந்து மூடித் திறக்கும் ஆக்ஸிலரி காண்டாக்டை, டிரைவ் ஓட அனுமதி தரும் எனேபிள் லைனில் போட்டுவிடுவது நல்லது.

மெயினுக்கும் டிரைவுக்கும் நடுவில் உள்ள இன்புட் காண்டாக்டரை ஸ்டார்ட்-ஸ்டாப்புக்குப் பயன்படுத்துவதும் தப்பு. ஒவ்வொரு தடவையும் உள்ளே கெப்பாசிட்டர், முதல் கரண்டைக் கட்டுப்படுத்தும் ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் வழியாகத்தான் சார்ஜ் ஆகும். அடிக்கடி போட்டு எடுத்தால் ரெசிஸ்டர் கருகும்.

லோ வோல்டேஜுக்கு வருவோம். காண்டாக்டரின் 230 வோல்ட் ஏசி காயில், 85 சதவீதம், அதாவது சுமார் 195 வோல்ட் இருந்தால் நிச்சயம் ஒட்ட வேண்டும். அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. டிம் அடிக்கும் நேரத்தில் ‘டர்ர்’ என்று துடித்துக்கொண்டே இருக்கும், காண்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரெட் பட்டன் அமுக்கினாலும் திறக்காது. தாமதத்துடன் வேலை செய்யும் வோல்டேஜ் ரிலே ஒன்று காயில் லைனில் இருந்தால் இந்தத் துடிப்பு வராது. சிலர் காயிலை யூபிஎஸ்ஸில் கொடுக்கிறார்கள். கொடுக்கலாம்தான், ஆனால் மெயின் போனபின்பும் காண்டாக்டர் ஒட்டியே இருக்கும். மெயின் வந்ததும் எது ஓடும் என்பதை முன்பே யோசித்து ஹோல்டிங்கைத் தனியாக விடுவிக்க வேண்டும்.

டிரைவில் எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப்) இருந்தால் எமர்ஜென்சி ஸ்டாப்பை அதில் கொடுப்பது நல்ல வழி. ஆனால் எஸ்டிஓ மோட்டாருக்குச் சுற்றும் விசை போகாமல்தான் பார்த்துக்கொள்ளும், வோல்டேஜைப் பிரிக்காது. டெர்மினல் திறக்க மெயினை இறக்கியே ஆக வேண்டும். 415 வோல்ட் சப்ளையில் டிரைவுக்குள் கெப்பாசிட்டர் இருக்கும் டிசி பஸ்ஸில் 560 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் போட்ட நிமிடம் வரை காத்திருந்து, பிளஸ், மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும்.