ரோலான் காரோஸ்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள் தங்கள் கட்டுரைகளை எனக்கு அனுப்புவார்கள். பிரெஞ்சு விமானி ரோலான் காரோஸ் வந்துவிட்டால் போதும், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. பெயர்க் குழப்பம், எழுத்துப்பிழை எல்லாம் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டென்னிஸ் வீரர் என்று எழுதுவது

அவர் விமானி. பாரிஸ் டென்னிஸ் அரங்குக்கு அவர் பெயரை வைத்தது 1928-இல்.

ஃபாக்கர் அவரைப் பார்த்து நகலெடுத்தார் என்பது

விமானத்தின் முன்னால் சுழலும் புரொப்பெல்லர் வழியாகத் துப்பாக்கியால் சுடும் முறையை, ஜெர்மனிக்குப் போர் விமானங்கள் கட்டிக்கொடுத்த ஃபாக்கர் காரோஸிடமிருந்து நகலெடுத்தார் என்று எழுதுகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு கண்காட்சிக்காக நானே இப்படி எழுதிப் பலகை அச்சிட்டுக் கொடுத்தேன். இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். "தம்பி, தோட்டா புரொப்பெல்லரில் பட்டுத் தெறிக்கிறதா, படாமலே போகிறதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் பலகையைக் கழற்றினோம். அச்சுச் செலவு முழுவதும் வீண்.

அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. காரோஸின் மொரான்-சோல்னியே விமானத்தில் புரொப்பெல்லரின் ஒவ்வோர் இதழிலும், துப்பாக்கிக் குழலுக்கு நேராக வரும் இடத்தில், எஃகு ஆப்பு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பெரும்பாலான தோட்டாக்கள் இதழ்களுக்கு இடையே பாய்ந்துவிடும். இதழை நோக்கி வருபவை ஆப்பில் பட்டுத் தெறிக்கும். இதை வைத்துக்கொண்டு 1915 ஏப்ரலில் மூன்று ஜெர்மன் விமானங்களை அவர் வீழ்த்தினார். 18-ஆம் தேதி ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜிய மண்ணில் இறங்க நேர்ந்தது. விமானத்துக்குத் தீ வைத்தார், முழுவதும் எரியவில்லை.

ஃபாக்கரின் ஆட்கள் செய்தது வேறு. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கேம் (மேடுள்ள சக்கரம்) ஒன்று துப்பாக்கியை இயக்கும் தண்டைத் தள்ளும். இதழ் குறுக்கே இல்லாத நேரத்தில் மட்டும் துப்பாக்கி சுடும். தோட்டா இதழைத் தொடுவதே இல்லை. ஆப்பு ஒரு கவசம்; இதுவோ நேரக் கணக்கு. இந்த யோசனையும் புதிதல்ல. ஜெர்மனியில் பொறியாளர் ஃபிரான்ஸ் ஷ்னைடர் போருக்கு முன்பே காப்புரிமை பெற்றிருந்தார். காரோஸின் விமானத்தைக் கட்டிய நிறுவனத்தின் ரேமோன் சோல்னியேகூட இதைத்தான் முதலில் முயன்றார். தோட்டாக்கள் சீராக வெடிக்காமல் சில தாமதித்து வெடித்ததால், பாதுகாப்புக்காக ஆப்புக்கு வந்தார். "நகலெடுத்தார்" என்ற ஒரு சொல்லைப் போட்டால் இந்த முயற்சிகள் அத்தனையும் மறைந்துபோகின்றன. சிக்கிய விமானத்தைப் பார்த்த பிறகு ஜெர்மானியர் அவசரப்பட்டார்கள் என்று எழுதுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

'ஏஸ்' என்ற பட்டம்

வான்போரில் சிறந்த விமானிக்குத் தரும் பட்டம் இது. அதற்கு எதிரி விமானங்கள் ஐந்தை வீழ்த்தியிருக்க வேண்டும். அவர் கணக்கு நான்கு.

சிறையோடு கதையை முடிப்பது

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைதி. 1918 பிப்ரவரியில் சக விமானி அன்செல்ம் மர்ஷாலுடன் ஜெர்மன் அதிகாரி வேடத்தில் முகாமை விட்டு வெளியேறினார். அவர் அடைபட்டிருந்த காலத்தில் வான்போரே வேறாகிவிட்டது. தனியே வேட்டைக்குப் போன காலம் முடிந்து, கூட்டமாகப் பறந்து சண்டையிடும் காலம் வந்திருந்தது. வீட்டில் ஓய்வெடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ ஸ்பாட் என்ற போர் விமானத்தில் புதிதாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு போர்முனைக்கே திரும்பினார். அக்டோபர் 2-ஆம் தேதி நான்காவது வெற்றி. 5-ஆம் தேதி பிரான்ஸின் வூசியே அருகே வான்சண்டையில் வீழ்ந்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும்.