மொசார்ட்டின் பசூன்–செல்லோ சொனாட்டா: கேட்டுப் பழகுவது எப்படி?

மேற்கத்திய செவ்வியல் இசையைப் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் தொடங்கித் திணறுகிறவர்களே அதிகம். அத்தனை வாத்தியங்களில் எதைப் பின்தொடர்வது? இரண்டே வாத்தியங்கள் உள்ள படைப்பில் தொடங்குங்கள். என் பரிந்துரை, பசூன் என்ற ஊதுகருவிக்கும் செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வில் வாத்தியத்துக்கும் மொசார்ட் அமைத்த பி ஃபிளாட் மேஜர் சொனாட்டா. சொனாட்டா என்பது சில பகுதிகளாக அமைந்த கருவியிசைப் படைப்பு; பி ஃபிளாட் மேஜர் என்பது அதன் ஆதார சுரத்தையும் சுர வரிசையையும் குறிக்கும் பெயர். மொசார்ட் படைப்புகளின் பட்டியலில் இதன் எண் கே. 292. மூன்று பகுதிகளும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1. பதிவைத் தேர்ந்தெடுங்கள்

இதை இரண்டு பசூன்களிலோ இரண்டு செல்லோக்களிலோ வாசிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு வேண்டியது பசூனும் செல்லோவும் சேர்ந்த பதிவு. கைப்பேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். செல்லோவின் அடித்தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது பாதிகூட எட்டாது. சாதாரண ஹெட்போன் போதும்.

2. இரண்டு குரல்களையும் பிரித்தறியுங்கள்

இரண்டுமே தாழ்ந்த ஸ்தாயி வாத்தியங்கள் என்பதால் புதியவர் குழம்புவது இங்கேதான். ஒவ்வொரு சுரமும் எப்படிப் பிறக்கிறது என்று கவனியுங்கள். பசூன், நாதஸ்வரத்தைப் போலவே, இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். நாக்கு சீவாளியைத் தொட்டு விலகும்போது சுரம் வெட்டினாற்போல் தெளிவாகத் தொடங்கும். செல்லோவில் முதலில் வில் தந்தியைப் பற்றும் மெல்லிய உரசல், பிறகுதான் நாதம். பசூன்காரர் வரிக்கு வரி மூச்செடுத்தாக வேண்டும். நல்ல பதிவில் அது காதில் விழும். செல்லோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வில்லைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

3. முதல் பகுதியை இருமுறை கேளுங்கள்

அலெக்ரோ, அதாவது விறுவிறுப்பான நடை. முதல் தடவை பசூனோடு போங்கள். மெட்டு பெரும்பாலும் அதன் கையில்தான்; தாழ்விலிருந்து உச்சிக்குத் தாவுவதும் அதுவே.

இரண்டாம் தடவை பசூனை விட்டுவிட்டு செல்லோவை மட்டும் பிடியுங்கள். காது திரும்பத் திரும்ப மெட்டுக்கே ஓடும், இழுத்து வாருங்கள். பசூன் எங்கே தாவினாலும் அதன் காலடியில் ஆதார சுரத்தை வைப்பது செல்லோதான். இசையின் ஒரு பத்தி முடிகிறதா தொடர்கிறதா என்பதையும் பெரும்பாலும் அந்தக் கீழ்க்குரலே சொல்லிவிடும். இந்தக் கீழ்க்குரல் செல்லோவுக்கென்றே எழுதியதா, வெறும் அடிக்குரல் துணையா என்ற ஐயம்கூட ஆய்வாளர்களிடம் உண்டு. துணைதான் என்றாலும் இந்தப் படைப்பைக் கேட்கக் கற்றுத்தருவது அந்த வரிதான் என்பேன்.

4. மற்ற இரண்டு பகுதிகள்

நடுவில் வரும் ஆண்டான்டே நிதானமானது, எஃப் மேஜரில் அமைந்தது. இங்கே பசூன் பாடுவதைக் கேட்டால், கோமாளி வாத்தியம் என்று அதற்கு ஒட்டிய பெயர் எவ்வளவு அநியாயம் என்று தெரியும். கடைசிப் பகுதி ரோண்டோ: ஒரே மெட்டு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வரும். வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள்.

5. வரலாறு கொஞ்சம்

மொசார்ட் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. 1775-ஐ ஒட்டி, பசூன் வாசித்த மியூனிக் பிரபு டூர்னிட்ஸுக்காக எழுதினார் என்று கருதுகிறார்கள். அவருக்காகவே மொசார்ட் எழுதிய பியானோ சொனாட்டா ஒன்றும் உண்டு, கே. 284.

6. அடுத்து

இசைக்குறிப்புத் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மேல்வரி பசூன், கீழ்வரி செல்லோ. பிறகு 1774-இல் எழுதிய பசூன் கான்செர்ட்டோவுக்குப் போகலாம், கே. 191. அதில் செல்லோவின் இடத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவே இருக்கும்.