பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டைத் தும்மல் வராமல் சுத்தம் செய்வது எப்படி?

பிள்ளையார் நோன்புக்கோ பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறோம். அன்று சாயங்காலமே அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, ராத்திரியில் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இது பல வீட்டுக் கதை. "பழைய வீட்டு வாடை ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒத்துக்கொள்ளாதவை பெரும்பாலும் தூசி உண்ணி என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் கழிவு, பூஞ்சை, கரப்பான் எச்சம், புறா எச்சம் இவைதான்.

முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று மொத்த வீட்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். படுக்கிற அறையை முதலில் முடியுங்கள். ராத்திரி முழுக்க மூக்கு தலையணைமேல்தானே இருக்கிறது! மற்றதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

1. ஆளும் சாமானும்

ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அன்று பகலுக்கு சித்தி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ இருக்கட்டும். வேலை செய்பவருக்கு என்95 மாஸ்க், கையுறை. இரண்டு வாளி, நிறையப் பழைய பருத்தித் துணி. வேக்குவம் கிளீனர் வாங்குவதாக இருந்தால் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். மற்றவற்றில் நுண்ணிய தூசி பின்பக்கமாக வெளியே வந்துவிடும்.

சன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். முற்றம் வைத்துக் கட்டிய வீட்டில் காற்று தானாக ஓடும். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் தெருப்பக்கத்துச் சன்னலைத் திறக்காமல் முற்றத்துப் பக்கத்தை மட்டும் திறங்கள். இல்லையென்றால் செம்மண் புழுதியைத்தான் வரவழைப்பீர்கள்.

2. மேலிருந்து கீழே, ஈரத்தோடு

ஒட்டடைக்கம்பின் நுனியில் பிழிந்த ஈரத்துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். மச்சு, விட்டம், மின்விசிறி இறக்கை, பரண், அப்புறம் சுவரில் மாட்டிய படங்கள் என்று இறங்கி வாருங்கள். காலை வெயில் முற்றத்தில் விழும்போது காய்ந்த துடைப்பத்தை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். வெயில் கற்றைக்குள் மினுமினுவென்று சுற்றுகிறதே, அது தரையில் இறங்க நேரமாகும். காய்ந்த துணியால் தூசி தட்டுவது, தூசியை இடம் மாற்றி வைக்கிற வேலைதான்.

நிலைக்கதவின் தேக்குச் செதுக்கலில் துணி நுழையாது. பெயிண்ட் அடிக்கிற மெல்லிய பிரஷ்ஷால் இடுக்கை வழித்து, கீழே ஈரத்துணியை ஏந்திப் பிடியுங்கள். யாளி வாய்க்குள்ளும் லட்சுமி மடியிலும் எத்தனை வருடத்துத் தூசி இருக்கிறது என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். மரத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

3. படுக்கை: இங்கேதான் மெனக்கெட வேண்டும்

தூசி உண்ணி ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளம், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குத் திண்டாட்டம். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தும்மல் கூடுகிறது.

மெத்தை, தலையணையை மொட்டைமாடியில் கொளுத்தும் வெயிலில் போடுவது நல்லதுதான், நன்றாகக் காய்ந்தால் உண்ணி சாகும். ஆனால் அலர்ஜி தருகிற அதன் கழிவு துணியிலேயே இருக்கும், துவைத்தால்தான் போகும். விரிப்பு, தலையணை உறை, போர்வையை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். மெஷின் இல்லையென்றால் கை பொறுக்காத சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

பழைய இலவம்பஞ்சு மெத்தை பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது: அலர்ஜி உள்ளவர் அதில் படுக்க வேண்டாம். ஆகிவந்த மெத்தை என்று வைத்துக்கொள்வதானால் முழுவதும் மூடுகிற ஜிப் உறை போடுங்கள். வீட்டில் கோரைப்பாய் இருந்தால் அதுவே மேல், ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தால் போதும்.

4. தரை

ஆத்தங்குடித் தரை இந்த விஷயத்தில் வரம். கம்பளம் மாதிரி தூசியை உள்ளே பிடித்து வைக்காது. பெருக்குவதைக் குறைத்து ஈர மாப் போடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். சூளையில் சுடாத சிமெண்ட் கல் என்பதால் ஆசிட், வினிகர் வேண்டாம், பளபளப்பு போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவுவதானால் சொட்டு சொட்டாகத் தொட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிசுக்கு நின்றால் தூசி ஒட்டும்.

5. பூஞ்சை, கரப்பான், புறா

சுவரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் முதலில் ஒழுகும் ஓட்டையும் அடைத்த தூம்பையும் சரிசெய்யுங்கள். ஈரம் நிற்காமல் பூஞ்சை நிற்காது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் சோப்புத் தண்ணீர்த் துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்து, மின்விசிறி போட்டுக் காயவிடுங்கள். ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

சாமான் அறையில் அட்டைப்பெட்டியும் பழைய செய்தித்தாளும் கரப்பானுக்குக் குடித்தனம். சீர்ப் பாத்திரங்களை மூடியுள்ள டிரங்குப் பெட்டிக்கு மாற்றுங்கள். கரப்பானுக்கு ஸ்பிரேயைவிட ஜெல் மருந்து மேல், காற்றில் பரவாது.

தாழ்வாரத்துப் புறா எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மாஸ்க் போட்டு வழித்தெடுத்துக் கட்டிப் போடுங்கள். பிறகு முற்றத்துக்கு மேலே வலை.

எல்லாம் முடிந்ததும் "வீடு மணக்கட்டும்" என்று யாராவது சாம்பிராணிக் கரண்டியோடு வருவார்கள். பீரோவில் பாச்சை உருண்டை போடுவார்கள், ராத்திரி கொசுவத்தி ஏற்றுவார்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் மூன்றும் வேண்டாம்; கொசுவலை கட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இழுப்பு வந்தால் டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலர் உள்ளவர்கள் அதைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள்.